வண்டி இழுக்குதுங்க

எங்கள் வீட்டில் வண்டி என்றால் போர்வண்டிதான். லாரிமேல் கோபுரத்தைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். நிமிர்த்தினால் பூமியில் ஆழ்துளை போடும். அதில் என் கணவருக்குப் பங்கு உண்டு. வருஷத்தில் முக்கால்வாசி அவர் அந்த வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் ஏதாவது ஒரு காட்டில் கிடப்பார். அங்கே மழை பிடித்துக்கொண்டால் வேலை நின்றுவிடும். அப்போதுதான் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வருவார், ஆடி முடிகிற வரைக்கும் இருப்பார். சும்மா இருப்பார் என்று சொல்ல மாட்டேன். சும்மா இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அந்த வீட்டில் யாரும் வண்டி என்ற கணக்கிலேயே சேர்க்காத ஒன்று, என் கார். மேட்டூரில் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் விற்ற பழைய கார். எண்ணூறு சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோல். ஏசி கிடையாது. ஆனால் அது என் கார். என் கடையும் அதுதான். சேலத்தில் ஒரு பாயிடம் நைட்டி, பாவாடை, உள்ளாடை என்று மொத்தமாக எடுத்துவந்து, டிக்கியில் அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி டிக்கிக் கதவைத் தூக்கினால் போதும், பத்து வீட்டுப் பெண்கள் வந்துவிடுவார்கள். தூக்கிய கதவுக்குக் கீழே எல்லாரும் தலையை விட்டுக்கொண்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே ஒரு ஆளுக்குத் தெரியாது. அளவு சொல்வது, துணியை மேலே வைத்துப் பார்ப்பது, மாமியாரைத் திட்டுவது எல்லாம் அந்த நிழலில்தான். நைட்டி விற்றது பாதி, பேச்சு பாதி. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

ஒருநாள் அந்தக் கார் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் ரோட்டோரப் புளியமரத்தை விசாரிக்கப் போகும். அவருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் கம்பிரசர் அலறிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, வண்டி இழுக்குதுங்க" என்றேன்.

"என்னது?"

"காரு! காரு இழுக்குதுங்க!"

"அட சாமி" என்றார். குரலில் அப்படி ஒரு வருத்தம். "ரொம்ப இழுக்குதா புள்ள?"

"ரொம்ப இல்லீங்க. வேகமாப் போனா மட்டும் சாஸ்தியா இழுக்குது."

"செரி, நீ கம்முனு இரு. அதை ரோட்டுல எடுக்காத. நான் பாத்துக்கறேன்."

நம் பேச்சில் இழுப்பது என்பது ஒரு காரியமா என்ன? சக்கரம் ஒரு பக்கமாகப் போனாலும் இழுக்குது. பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறினாலும் இழுக்குது. கடைசி மூச்சு வாங்குகிறவரைப் பற்றி யாராவது விசாரித்தாலும், 'இழுத்துக்கிட்டிருக்குதுங்க' என்றுதான் சொல்கிறோம். நான் முதலாவதைச் சொன்னேன். அவர் மூன்றாவதைக் கேட்டார். வைத்தியத்துக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் ஊருக்கு வந்து இறங்கிய சமயம் நான் இங்கே இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மேச்சேரிக்குப் போயிருந்தேன், ரோட்டில் எடுக்காதே என்று உத்தரவு ஆகிவிட்டதால் பஸ்ஸில். நான் திரும்பி வருவதற்குள் அண்ணனும் தம்பியும் சேர்ந்து காரியத்தை முடித்துவிட்டார்கள். தம்பி என்றால் என் கொழுந்தன். திருச்செங்கோட்டு ரோட்டில் போர்வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல கைகாரர். ஆனால் போர்வண்டியை விடச் சின்னதாக எதைப் பார்த்தாலும் அவருக்குப் பாவமாக இருக்கும்.

பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தால், வாசலில் என் கார் மூக்கு வீங்கி நின்றது. பானெட் நடுவே ஒரு தகடு வளைத்து வெல்டு வைத்திருந்தார்கள், குளவி கொட்டின மாதிரி. முன்பக்கத்தில் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்தி மாலை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னுங்க இது?"

"எஞ்சினை மாத்திட்டோம் புள்ள. அடிபட்ட டாக்ஸி ஒண்ணு கெடந்துச்சு, அதோட டீசல் எஞ்சினு. இனி எந்த மேடா இருந்தாலும் நீ பயப்படக் கூடாது."

"எதுக்குங்க மாத்துனீங்க?"

"நீதான சொன்ன, இழுத்துக்கிட்டுக் கெடக்குதுன்னு."

"இடது பக்கமா இழுக்குதுன்னுதானுங்க நான் சொல்ல வந்தது!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சுதாரித்தது கொழுந்தன்தான்.

"அதெல்லாம் சின்ன விசயமுங்க அண்ணி. மொதல்ல உக்காந்து ஓட்டிப் பாருங்க."

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவனை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். கொளுத்திய வீட்டுக்கு மாலை போட்டு நிறுத்தினவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பழைய எஞ்சின் எங்க தம்பி?"

"அதுக்கு ஒரு எடம் பாத்தாச்சுங்க அண்ணி" என்றார். பழைய இரும்புக் கடையைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். எஞ்சினுக்காக அழுகிற பொம்பளை என்று பேர் வாங்க வேண்டாம் என்று உள்ளே ஏறி உட்கார்ந்தேன்.

சாவியைத் திருப்பியதும் வீட்டு ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. கிளட்சை மிதித்தேன். கிளட்ச் போகவில்லை, என் சீட்தான் பின்னால் போனது. சீட்டை இழுத்துப் பூட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை மிதித்தேன். பாதி தூரம் போய், 'நீ யார்?' என்று கேட்டுவிட்டு என் காலைத் திருப்பி அனுப்பியது.

"பழகிருமுங்க அண்ணி" என்றார் கொழுந்தன். "நழுவக் கூடாதுன்னு நல்ல கெட்டியான பிளேட்டாப் போட்டிருக்கேன். லாரி டிரைவருங்க மிதிக்கலியா?"

"அவங்க கால் அவங்களோடதுங்க தம்பி. எனக்கு இந்த ரெண்டு கால்தான் இருக்குது."

கிளட்ச் மட்டும் என்றால் பரவாயில்லை. முன்னால் பாரம் ஏறியதால் ஸ்டியரிங் ஆட்டுக்கல் சுற்றுகிற மாதிரி ஆகிவிட்டது. நான் சந்து திரும்புவதற்குள் பின்னால் வருகிறவர் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு எஞ்சின் நம்பர், காருக்குள் ஒரு எஞ்சின் நம்பர். போலீஸ் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியது அதில் பெயர் இருக்கிற நான். கேட்டால், "அதெல்லாம் எழுதிக்கலாம்" என்றார்கள். இத்தனைக்கும் மேல், கார் இன்னமும் இடது பக்கம் இழுத்தது. முன்பு மூன்று சிலிண்டரில் இழுத்தது, இப்போது நான்கு சிலிண்டரில் இழுத்தது. அதைச் சொன்னதற்கு, "ரோடு செரியில்ல புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

அவருக்கோ கால் தரையில் பாவவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு எஞ்சின் எவ்வளவு வேகமாகப் போகும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். என்ன இழுக்கும் என்றுதான் கேட்பார்கள். அவரும் இழுத்துக் காட்டினார். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய ட்ரெய்லரை ஒருநாள் கயிறு கட்டி இழுத்தார். வாய்க்காலில் இறங்கிய முட்டை வேனை ஒருநாள் இழுத்து மேலே ஏற்றினார். நன்றிக்கு வந்த முட்டையில் ஒரு வாரம் வீட்டில் ஆம்லெட் நாற்றம். கல் உடைக்கிற கிரஷருக்குப் போகிற டிப்பர்காரர் ஒருவர் வாசலில் நின்று, "ஏனுங்க, உங்க காரு நல்லா இழுக்குமாமுங்களே?" என்று கேட்டபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அத்தனை வெளிச்சம் இல்லை.

கோபத்தில் சொல்கிறேனே ஒழிய, அவருக்கு என்மேல் பாசம் இல்லாமல் இல்லை. வருஷமெல்லாம் காட்டில் கிடக்கிற மனிதன். வீட்டுக்கு வந்தால் தன் கையால் ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்று தவிப்பார். அந்தப் பாசம் இந்தத் தடவை குதிரைசக்தியில் வந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்ததால்தான் உடனே சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருக்க வேண்டும்.

ஏனென்றால் ஆடி பிறந்துவிட்டது. சேலத்தைச் சுற்றி ஆடியில் பண்டிகை இல்லாத மாரியம்மன் கோயில் கிடையாது. என் வருஷ வியாபாரத்தில் முக்கால்வாசி அந்த ஒரு மாதத்தில்தான். பாயும் என்னை நம்பிக் கட்டுக்கட்டாக எடுத்துக் கொடுத்திருந்தார். என்னால் காரை ஓட்ட முடியவில்லை என்றதும் இவர் ஒரே வார்த்தையில் பிரச்சினையைத் தீர்த்தார்.

"நான்தான் இருக்கறனே. நான் கூட வாரேன்."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது நான்தான் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை. முதல் ஊரில், வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினோம். இவர் இறங்கி, பானெட்மேல் சாய்ந்துகொண்டு நின்றார். நான் டிக்கியைத் திறந்தேன். எப்போதும் முதல் ஆளாக வருகிற அக்கா வாசல்வரை வந்தார், இவரைப் பார்த்தார், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்.

"அண்ணன் வந்திருக்கறாருங்களா? வாங்கண்ணா, தண்ணி குடிங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "சேலத்துல மழைங்களா கண்ணு?" என்று கேட்டார்.

மழையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். அவருக்கு என்ன அளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது டிக்கியில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் மழையைப் பற்றியே பேசினோம். கடைசியில், "செரி, அப்புறம் பாக்கலாமுங்க" என்று உள்ளே போய்விட்டார். மற்றவர்கள் வாசலோடு சரி.

அடுத்த ஊரில் இவர் உதவி செய்யப் பார்த்தார். "வாங்க தங்கச்சி, நல்ல நல்ல கலரெல்லாம் வந்திருக்குது" என்று ஒரு நைட்டியை உதறிப் பிடித்தார். காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். "காருக்குள்ளேயே உக்காந்திருங்க" என்றேன். உட்கார்ந்தார். கண்ணாடியைத் திருப்பிக் கூட்டம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் இரண்டு கண் தெரிகிற இடத்தில் எந்தப் பெண் பாடி அளவு சொல்வாள்?

ஆடி பாதி ஓடிவிட்டது. கட்டுகள் வீட்டு ஹாலில் அப்படியே இருந்தன. சோபாவில் உட்கார இடமில்லாமல் கட்டின்மேல் உட்கார்ந்துதான் டிவி பார்த்தோம். எனக்கு வியாபாரம் போகிறதே என்ற கவலை ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கவலை, இப்படியே இருந்தால் வண்டி ஓட்டுவதே எனக்கு மறந்துபோகும் என்பது. நாற்பது வயதில், ஊர் சிரிக்கச் சிரிக்க, மைதானத்தில் எட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டது அது. காலையில் சாவியை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்புவேனே, அந்த ஒன்றைத்தான் இவர்கள் எஞ்சினோடு சேர்த்துக் கழற்றிவிட்டார்கள். அதை எந்த வார்த்தையில் சொன்னால் இவருக்கு விளங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இழுக்குது என்கிற ஒரு வார்த்தைக்கே இத்தனை பாடு.

எங்கள் ஊர்ப் பண்டிகை வந்தது. பொழுதோடு இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். சீரியல் லைட்டில் அம்மன் பச்சையாகவும் சிவப்பாகவும் மாறி மாறி எரிந்துகொண்டிருந்தாள். கூழ் வாங்கிக் குடித்துவிட்டுப் பந்தலுக்குப் பின்பக்கம் கை கழுவப் போனேன். அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் கையில் தண்ணீரோடு அப்படியே நின்றுவிட்டேன்.

பெற்ற பிள்ளையின் இருமல் எந்தக் கூட்டத்திலும் தெரியும் என்பார்கள். அது என் கார். ஒரு கட்டைமேல் உட்கார்ந்து, கேஸ் சிலிண்டரில் மூச்சு வாங்கிக்கொண்டு, என் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. முன்பு ஒரு தடவை ஏர் ஃபில்டர் குழாயின் கிளிப் உடைந்தபோது நான் ஒரு சிவப்புப் பாவாடை நாடாவால் கட்டியிருந்தேன். அந்த நாடா அப்படியே இருந்தது, நான் போட்ட முடிச்சோடு.

"ஏனுங்கண்ணா, இது ஏதுங்க?" என்று மைக்செட்காரரிடம் கேட்டேன்.

"நம்ம திருச்செங்கோட்டு ரோட்டுப் பட்டறைக்காரரு குடுத்தாருங்க. அருமையான எஞ்சினுங்கக்கா. யாரோ நல்லா வெச்சிருந்திருக்காங்க. இந்த ஆடியில எத்தனை ஊருப் பண்டிகை! ஒரு எடத்துல நிக்கலீங்க."

நான் போய் என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அதன்முன் நிறுத்தினேன்.

"இதுதானுங்க செத்துப்போன எஞ்சினு. அம்மனுக்கே இதுதான் கரண்டு குடுக்குது."

அவர் எஞ்சினைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார். "இருந்தாலும் டீசல் டீசல்தான் புள்ள" என்றார். தோற்றுப்போகிற கட்சிக்காரரின் குரல் எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் இறங்கி வரவில்லை. நான் அங்கேயே ஒரு சண்டைக்குத் தயாரானேன்.

அதற்குள் எங்கள் பக்கத்து ஊர்ப் பெண்கள் நான்கைந்து பேர் பந்தலைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். மழையைப் பற்றிப் பேசிய அக்காதான் முன்னால். ஜெனரேட்டர் சத்தத்தில் குரலை உயர்த்திக் கேட்டார்.

"ஏங்கண்ணு, உங்க ஊட்டுக்காரரு எப்பப் போறாரு?"

"எங்கீங்கக்கா?"

"போர்வண்டிக்குத்தான். ஆடி முடியறதுக்குள்ள போயிருவாருங்களா? நாங்க எத்தனை பேரு காத்துட்டுக் கெடக்கறோம்! கிழிஞ்ச பாவாடையத் தெச்சுத் தெச்சுக் கட்டுறேன் சாமி. பண்டிகைக்கு எம்மருமவளுக்குக்கூட ஒண்ணும் எடுக்கல. அவரு கெளம்புன அன்னைக்கே ஒரு போன் போட்டுருங்க கண்ணு."

எனக்குப் பின்னால், மைக்செட்காரரின் பெட்டி மறைவில், என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர்கள் அவரைப் பார்க்கவில்லை. மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருத்தி, "ரயிலு டிக்கெட்டு போட்டாச்சுங்களா?" என்றுகூடக் கேட்டாள்.

அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வருஷமெல்லாம் எப்போது ஊருக்குப் போவோம் என்று ஏங்குகிற ஒரு மனிதன், தான் எப்போது கிளம்புவார் என்று நாலு ஊர் காத்திருப்பதைத் தன் காதால் கேட்டுவிட்டார். அவரை அப்படியே அணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. கோயில் என்பதால் விட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவர் ஹாலில் அந்தக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னாலயா இதெல்லாம் கெடக்குது?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் மறுநாளும் அவர் கூட வந்திருப்பார்.

காலையில் தம்பிக்கு அவரே போன் போட்டார். கொழுந்தன் முதலில் மறுத்தாராம். அண்ணன் பட்டறைக்கே போய் உட்கார்ந்துகொண்ட பிறகு வழிக்கு வந்தார். மைக்செட்காரருக்கு டீசல் எஞ்சினைக் கொடுத்துவிட்டு என்னுடையதை வாங்கி வந்தார்கள். அவருக்கு ஏக சந்தோஷம். இன்னும் இரண்டு சாமிக்கு சீரியல் லைட் போடலாமாம். பானெட் வீக்கம் மட்டும் வற்றவில்லை. இருக்கட்டும், அடையாளத்துக்கு ஆகும் என்று விட்டுவிட்டேன்.

எஞ்சினைக் காரில் மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே என் வீட்டுக்காரர் கேட்டார், "எந்தப் பக்கம் புள்ள இழுக்குதுன்ன?"

"இடது பக்கமுங்க."

இடது முன்சக்கரத்தில் பாதிக் காற்றுதான் இருந்தது. வால்வு கசிந்திருக்கிறது. மாற்றிக் காற்றடித்ததும் சரியாகிவிட்டது. அண்ணனும் தம்பியும் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஆளுக்கொரு டீ போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஹாலில் இருந்த கட்டுகளை ஒவ்வொன்றாகக் காருக்குச் சுமந்தேன். சாவியைத் திருப்பினேன், கிளட்சை மிதித்தேன். வெண்ணெய்! அப்போது அவர் வெளியே வந்தார். குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இத்தனை நாள் பழகின பழக்கம். பக்கத்துச் சீட்டுக் கதவில் கை வைத்தார்.

"மேட்டூரு வரைக்கும் போற. தொணைக்கு நானும் வாரேனே?"

பக்கத்துச் சீட்டில் பாவாடைக் கட்டுகள் கூரை முட்ட இருந்தன. சரிந்துவிடாமல் சீட் பெல்ட்டும் போட்டுவிட்டிருந்தேன். பின் சீட்டிலும் அப்படியே.

"எடமில்லீங்களே" என்றேன்.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். ஆமாம், இடமில்லைதான் என்று தலையாட்டிவிட்டுக் கையை எடுத்தார். நான் கியரைப் போட்டு நகர்ந்தேன். டிக்கி காலியாகத்தான் இருந்தது.